துறையும் கோட்டையும்: புளியந்தீவை நடந்து காண்போர்க்கு

மட்டக்களப்பு நகரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையிலிருந்தே தொடங்குகின்றனர். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டினர். ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டிற் பிடித்தனர். ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்படும் கையேடுகளும், பரீட்சைக்கென எமது மாணவர் மனனஞ் செய்யும் குறிப்புகளும் இம்மூன்று வாக்கியங்களுக்கு அப்பால் அதிகம் செல்வதில்லை. கோட்டையைப் பிடித்தவனுக்கும் விட்டோடியவனுக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. அதற்குக் கல் சுமந்தவன் எங்கே? உள்ளிருந்த சிப்பாய்களுக்கு நெல் ஏற்றி வந்த தோணிக்காரன் எங்கே? இக்கேள்விகளை மனத்திற்கொண்டு பழைய நகரை ஒருமுறை நடந்து பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களையும் மாணவரையும் அழைக்கின்றோம். வழிகாட்டி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. ஒரு முற்பகற்பொழுது போதும்.

நடக்கத் தொடங்குமுன் நீரைப் பற்றிச் சில சொல்லவேண்டும். இந்நகரை நிலத்தின் வழியாக விளங்கிக்கொள்ள முடியாது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்லாறு கடந்து ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி படுத்துக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றரை; அதுவே எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களும் காடும். அது படுவான்கரை, சூரியன் படும் பக்கம். நாட்டைத் திசைகாட்டியால் அளக்காமல் சூரியனைக் கொண்டு அளந்த உழவனும் மீனவனும் இட்ட பெயர்கள் இவை. எழுவான்கரையில் வீடுகளும் தென்னந்தோட்டங்களும் கடைகளும் செறிந்தன. நெல்லோ படுவான்கரையில் விளைந்தது. காணிக்குரிய போடியார் பலர் எழுவான்கரையில் இருந்தனர்; அவருடைய வயலில் உழுதவன் படுவான்கரையிற் குடிசை போட்டுக் காவல் கிடந்தான். விளைந்த நெல் வாவியைக் கடந்தே போடியாரின் முற்றத்துக்கு வந்தது. ஆகவே இப்பிரதேசத்தின் பொருளாதாரம் முழுவதும் ஒரு தோணியின் மீது ஏறி இறங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

துறைகளின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, சம்மாந்துறை. கடைசிப் பெயரைச் சம்பான் என்னும் படகு வந்து நின்ற துறை என்று விளக்குவர். 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அவ்வூர் அம்மாவட்டத்துள் அடங்கிற்று. இன்னொரு சொல்லும் எமது கவனத்துக்குரியது. வாவியின் இருகரைகளையும் இணைத்து ஆட்களையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிச் சென்ற மிதவையை இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே அழைத்து வந்துள்ளனர். ‘பாதை வந்துவிட்டது’, ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்பர். வெளியூரிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர் இதைக் கேட்டுத் திகைப்பதுண்டு. பாதை எப்படி ஐயா வரும்? நீரே தெருவாக இருந்த ஒரு சமூகத்தில் அது வரும், போகவும் செய்யும்.

இனி நடக்கலாம். கோட்டைமுனைப் பக்கத்திலிருந்து பாலத்தைக் கடந்து புளியந்தீவினுள் நுழையுங்கள். நாற்புறமும் வாவி சூழ்ந்த சிறிய தீவு இது. பழைய நகரமென்று நாம் கூறுவது இத்தீவையே. புளியமரங்கள் நின்றமையால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். புலியன் என்ற வேடர் தலைவன் இருந்தமையால் வந்தது என்பர் வேறு சிலர். இரண்டாவது கதைக்குச் சாசனச் சான்று காட்ட முடியாது. ஆயினும் அதனை நாம் எளிதில் தள்ளிவிட விரும்பவில்லை. வேடர் இப்பகுதியின் பழங்குடிகள் என்ற நினைவு அக்கதையில் தங்கியிருக்கிறது. வாகரைப் பக்கத்தில் அவர்தம் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். மட்டக்களப்பு என்னும் பெயரும் அவ்வாறே. மட்டமான களப்பு எனத் தமிழிலும், சேற்றுக் களப்பு எனச் சிங்களத்திலும் பொருள் கூறுவர். எது சரியென்று அடித்துக்கொள்ளும் பண்டிதர்கள், இரு விளக்கங்களும் களப்பில் வந்து கூடுவதை ஏனோ கவனிப்பதில்லை.

அப்பெயர் முதலிற் குறித்தது இத்தீவையன்று என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. ஒல்லாந்தக் கப்பற்றலைவன் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இக்கரையில் வந்திறங்கினான். அக்காலத்தில் இங்கே கோட்டை இல்லை. மட்டக்களப்பின் சிற்றரசனைக் காண அவன் கரையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லவேண்டியிருந்தது. அவ்வரசனின் பெயரை ஒல்லாந்தர் தம் நாவுக்கேற்பத் தர்மசங்கரி என்று ஒலிக்கும்படி எழுதிவைத்தனர். மட்டக்களப்பு என்பது அன்று வாவியின் இருமருங்கும் பரந்த நாடு. அதன் அதிகாரம் வயலும் குளமும் உள்ள உட்பகுதியில் இருந்தது. அந்நியன் வாவிக்குள் இருந்த ஒரு தீவிற் கோட்டை கட்டி, அதற்கு நாட்டின் பெயரைச் சூட்டினான். நாட்டுக்கு உரியது நகருக்குப் போயிற்று. பெயரைத் தொடர்ந்து நெல்லும் வரியும் அவ்வழியே போயின.

ஸ்பில்பேர்கனைத் தொடர்ந்து வந்த செபால்ட் டி வேர்ட் என்பானின் கதை சுருக்கமானது. அவனுடைய ஆட்கள் ஊர் மாடுகளை அறுத்தனர்; பிடிபட்ட போர்த்துக்கேயரை அவன் தன் விருப்பப்படி விடுவித்தான்; கண்டியரசன் விமலதர்மசூரியனோடு மரியாதையின்றிப் பேசினான். 1603ஆம் ஆண்டில் இக்கரையிலேயே கொல்லப்பட்டான்.

கோட்டை தீவின் ஓரத்தில் நிற்கிறது. இருபுறம் வாவி, மற்ற இருபுறம் அகழி. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். மதிலின்மேல் ஏறி நின்றால் இதனைக் கட்டியவன் எதை அஞ்சினான், எதை விரும்பினான் என்பது புலப்படும். வாவியில் வரும் ஒவ்வொரு தோணியையும் இங்கிருந்து காணலாம். இது வாயிலில் வைத்த பூட்டு. பழைய பீரங்கிகளின் பக்கத்தில் நின்று பிள்ளைகள் படம் பிடித்துக்கொள்வதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஆசிரியர் அவ்விடத்தில் ஒரு பத்து நிமிடம் 1638ஆம் ஆண்டைப் பற்றிப் பேசலாம்.

அவ்வாண்டு மே 18ஆம் திகதி, வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதியின் கீழ் வந்த ஒல்லாந்தர் கண்டிப் படையோடு சேர்ந்து போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பறித்தனர். ஐந்து நாட்களின் பின் இரண்டாம் இராசசிங்கனுக்கும் அவர்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தர் உதவுவர். யுத்தச் செலவு முழுவதையும் அரசன் கறுவா, மிளகு முதலிய பொருள்களாகக் கொடுப்பான். வர்த்தகம் ஒல்லாந்தரின் ஏகபோகமாகும். பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது பற்றியும் ஒரு வாசகம் இருந்தது. அரசனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் ‘அரசன் விரும்பினால்’ என்ற நிபந்தனை காணப்பட்டது. ஒல்லாந்தப் பிரதியிலோ அச்சொற்கள் இல்லை! நூற்றைம்பது ஆண்டுக் கால ஆட்சிக்குரிய உரிமை, விடுபட்ட ஒரு சிறு தொடருக்குள் அடங்கியிருந்தது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம் என்று சிங்கள மக்கள் சொல்லும் பழமொழி இந்த அநுபவத்திற் பிறந்தது. வல்லரசுகள் சிறு நாடுகளுக்குக் கடனும் படையும் கொடுக்கும் ஒப்பந்தங்களை வாசிக்கப் பழகவேண்டிய எமது மாணவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் கிடைக்காது.

கோட்டை பூட்டாக இருந்ததென்றோம். அது யாரைப் பூட்டிற்று? கண்டி மலைநாட்டுக்கு உப்பும் கருவாடும் துணியும் கிழக்குக் கரையிலிருந்தே ஏறின. மாடுகளின் முதுகிற் பொதி ஏற்றிக் காட்டுவழியே சென்ற தவளங்கள் இவற்றைக் கொண்டுபோய்ப் பாக்கு முதலியவற்றோடு திரும்பின. தவளம் நடத்தியவருள் முஸ்லிம்கள் முக்கியமானவர். போர்த்துக்கேயர் 1626ஆம் ஆண்டில் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று கூறப்படுகிறது. அதற்கு முன்பே இங்கிருந்தோரோடு அவர்கள் கலந்தனர், வயல் செய்தனர், தோணி விட்டனர். தாய்வழியாற் குடி எண்ணும் முறையைத் தமிழரும் முஸ்லிம்களும் இப்பிரதேசத்தில் ஒருங்கே கைக்கொண்டமை, இவர்கள் எத்துணை நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் இலங்கையின் கரை முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கண்டி கடலற்ற நாடாயிற்று. உப்புக்கும் பிறனிடம் கையேந்தும் நிலை வந்தது.

கோட்டையைவிட்டு வெளியேறி ஆனைப்பந்திப் பக்கம் செல்லுங்கள். இன்று அங்கே கோயிலும் பாடசாலையும் வீடுகளுமே உள்ளன. பெயர் மட்டும் யானைகளைக் கட்டிய பந்தியை நினைவூட்டி நிற்கிறது. யானை தானாக வந்து பந்தியில் நின்றதில்லை. காட்டில் வளைத்தவனும், பழக்கியவனும், நாள்தோறும் தழை வெட்டிச் சுமந்தவனும் இருந்தான். ஒல்லாந்தர் காலத்தில் சாதிக்கும் சமயத்துக்கும் ஏற்ப வேலை விதிக்கப்பட்டது. துறைமுகப் பட்டினங்களில் முஸ்லிம்களுக்கும் செட்டிகளுக்கும் விதிக்கப்பட்ட கட்டாய வேலைக்கு ‘ஊழியம்’ என்று பெயர். செய்யாதவன் பணங் கட்டவேண்டும். இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவை 1832ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் நீக்கப்பட்டது. அது கருணையால் நிகழ்ந்ததென எண்ணவேண்டாம். பெருந்தோட்டங்களுக்குக் கூலிக்கு வரக்கூடிய ஆட்கள் வேண்டியிருந்தனர். கட்டாய ஊழியம் அதற்குத் தடையாயிற்று.

கோட்டை மதிலுக்குள் நீண்டகாலம் கச்சேரி நடந்தது. சிப்பாய் இருந்த இடத்தில் எழுதுவினைஞர் அமர்ந்தனர். நெல்லின்மீது அரசு வாங்கிய வரி 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழியும் வரையில், படுவான்கரை உழவனுக்குக் கோட்டை என்பது வரிகட்டும் இடமே. அதன்பின் காணி உறுதிக்கும், குளத்து நீருக்கும், பங்கீட்டு அட்டைக்கும் அவன் இங்கேயே வந்து காத்து நின்றான். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு உழுதவனுக்கு நிலத்தில் நிலையான உரிமை தர முயன்றது. போடியாருக்கும் வயற்காரனுக்கும் இடையிலிருந்த உறவைச் சட்டம் எவ்வளவு மாற்றிற்று என்பது தனியே ஆராயவேண்டிய விடயம். மாணவர் சிலர் அதனை மேற்கொள்வாராயின் இவ்விதழ் இடந்தரும்.

பாடசாலைகளை விரைந்து கடந்துவிட முடியாது. தீவின் பெரும்பகுதியை அவையே நிறைத்துள்ளன. வெஸ்லியன் போதகர் வில்லியம் ஓல்ட் 1814ஆம் ஆண்டில் இங்கு வந்து பள்ளி தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்பிரலில் இங்கேயே இறந்தார். அவருடைய சிலை வாவிக்கரையில் நிற்கிறது. அப்பள்ளி வழிவந்ததே மெதடிஸ்த மத்திய கல்லூரி. பெண்களுக்கான வின்சென்ட் பாடசாலை 1820ஆம் ஆண்டில் தொடங்கிற்று. கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரி 1873ஆம் ஆண்டுக்குரியது. இவை கச்சேரிக்கு வேண்டிய எழுதுவினைஞரை ஆக்கித் தந்தன என்பது உண்மை. ஆயின் அவ்வளவோடு நிறுத்துவது நேர்மையாகாது. காரைதீவிற் பிறந்து மைக்கேல் கல்லூரியிற் படித்த ஒரு மாணவர் பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே. ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு இப்பழைய தீவு போதாதென்று கண்டே அவர் வாவிக்கு அப்பால், கல்லடி உப்போடையில், 1929ஆம் ஆண்டிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார் என்று நாம் கருதுகிறோம். அவருடைய சமாதியும் அவ்வளாகத்திலேயே உள்ளது.

இனி எழுதவேண்டியவை எழுதுதற்கு இனியவை அல்ல. கையேடுகள் இவற்றைச் சொல்வதில்லை. ஆதலால் நாம் சொல்லவேண்டும். புளியந்தீவின் சிறைச்சாலையிலிருந்து 1983 செப்டெம்பர் 23ஆம் திகதி தமிழ் அரசியற் கைதிகள் தப்பிச் சென்றனர். அவருட் பலர் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையிலிருந்து உயிர்தப்பி இங்குக் கொண்டுவரப்பட்டோர். புனித மரியாள் பேராலயத்தில் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராசசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மைக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க யேசு சபைத் துறவி யூஜின் ஹீபேர்ட் 1990 ஓகஸ்ற் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியிற் காணாமற்போனார். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. இறந்தோருட் பலர் சிறுவர்.

1990ஆம் ஆண்டின் அந்த ஓகஸ்ற், செப்டெம்பர் மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓகஸ்ற் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆம் திகதி நகரின் வடபுறத்துச் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகளும் பெண்களுமாக, இராணுவத்தாற் கொல்லப்பட்டனர். இரண்டு இடங்களும் இத்தீவிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. முதலாவதைப் பேசுவோர் இரண்டாவதையும், இரண்டாவதைப் பேசுவோர் முதலாவதையும் மறந்துவிடும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தவளத்தில் ஒன்றாக நடந்தவரின் சந்ததியாருக்கு இரண்டு தனித்தனி வரலாறுகள் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. இரு இடங்களுக்கும் ஒரே மாணவர் கூட்டம் ஒரே நாளிற் சென்று வரவேண்டும் என்பது எமது கருத்து. எதிர்ப்புகள் எழும் என்பதை அறிவோம். இருப்பினும் சொல்கிறோம்.

தீவினின்றும் கிழக்கே திரும்பிக் கல்லடிப் பாலத்துக்கு வாருங்கள். பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, தேசாதிபதி மனிங்கின் மனைவியின் பெயரைப் பெற்றது. அதன் பக்கத்திலுள்ள புதிய பாலம் 2013ஆம் ஆண்டுக்குரியது. 1928ஆம் ஆண்டிற் புகையிரதமும் மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. பெருங்கப்பல்கள் இவ்வாவிக்குள் என்றுமே நுழைந்ததில்லை. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்க, படகுகள் முகத்துவாரத்தின் வழியே சரக்கேற்றின. பாலமும் புகையிரதமும் வந்தபின் சரக்கு வேறு வழியிற் போயிற்று. எந்த யுத்தத்திலும் வீழாத துறைமுகம் ஒரு புகையிரத நேரசூசியால் வீழ்ந்தது. அத்தொழிலை நம்பியிருந்த படகோட்டிகள் மீன்பிடிக்கும் கூலிக்கும் போயினர். கடலுக்கும் வாவிக்கும் இடையே அவர்கள் குடியிருந்த நாவலடியும் கல்லடிக் கரையும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் அழிந்தன. நகரத்தின் கல்வீடுகள் தீவுக்குள் இருந்தன. கடலை அடுத்த மணலில் இருந்தோர் எவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நிலவுள்ள இரவுகளில் மக்கள் பாடும் மீனைக் கேட்க இப்பாலத்துக்கு வருவதுண்டு. அடிகளார் நீரரமகளிர் என்று எழுதியது இவ்விசையைப் பற்றியே. அவருக்கு நெடுநாள் முன்னர், 1848 செப்டெம்பரில், குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற் இதனைக் கேட்க வந்தார். மீனவர் படகு வலிக்க, கோட்டை வாயிலை அடுத்த இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ இருநூறு யார் தூரம் சென்று, நீருக்கடியிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டு மகிழ்ந்து தம் நூலில் அழகாக எழுதினார். எழுத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அந்த மாதத்தை மட்டும் நினைவூட்டுகிறோம். புதிய வரிகளையும், ஆறு நாட் கட்டாயத் தெருவேலையையும் எதிர்த்து எழுந்த மாத்தளை, குருநாகல் மக்களை அவருடைய அரசாங்கம் யுத்தச் சட்டத்தின் கீழ் அடக்கிக்கொண்டிருந்த மாதம் அது. புரன் அப்பு ஓகஸ்ற் 8ஆம் திகதி சுடப்பட்டான். அதே ஓகஸ்ற் மாதத்தில் குடாபொல தேரரும் சுடப்பட்டார். செப்டெம்பரில் செயலாளர் நிலவொளியிற் படகேறினார். படகு வலித்தவர்கள் அவ்வொலி சிப்பியின் ஒலியென்றனர். ‘ஊரி’ என்னும் அவர்களுடைய சொல் ஆங்கில எழுத்திற் சிதைந்து அந்நூலில் நிற்கிறது. அவர்களுடைய பெயர்கள் அதில் இல்லை.

நேரமும் வலுவும் எஞ்சியிருப்போர் கல்லடியிலிருந்து தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி, மண்முனைத்துறைக்குப் போகும் சந்தியில் இறங்கலாம். அங்கே 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் கொக்கட்டிச்சோலைக்குப் போனவர் எல்லாரும் பாதையிலேயே போயினர். பாதை தள்ளியவரும், அதில் நெல் மூடை ஏற்றியவரும், யுத்தக் காலத்தில் அதில் ஏறிச் சோதனைக்கு நின்றவரும் அவ்வூர்களில் உள்ளனர். ஒரு மூடைக்கு என்ன கூலி, கூலியை யார் வைத்தார், வெள்ளக்காலத்தில் எப்படிக் கடந்தனர், அக்கரை இக்கரையென இரண்டு கரைகளிலும் யார் யாருடைய வயலில் வேலை செய்தனர் என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர்களின் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், தவறாது எழுதுங்கள்.